நிலக்கடலை நஞ்சும் அதனை அறியும் நுண் மின்வாயும்

மணிலாக்கொட்டை, வேர்க்கடலை, நிலக்கடலை எனப் பல பெயர்களால் வழங்கும் பயிரானது, மானாவாரி நிலமுடைய குடியானவருக்குக் கைப்பணம் தரும் பயிர்களுள் முதன்மையானது. பருப்பு எண்ணெய்க்கும், பிண்ணாக்கும் கொடியும் கால்நடைக்கும், வேர்முடிச்சுகள் நிலத்தின் தழைச்சத்துக்கும் உதவுவதால், இப்பயிரில் வீண்போகும் பாகம் யாதுமில்லை. ஆயினும், இத்தகைய நற்பயிருக்குக் கண்ணுக்குப் புலப்படாத பகை ஒன்று உண்டு. அது பூச்சியன்று, இலைப்புள்ளி நோயுமன்று. காயினுள் வளரும் ஒருவகைப் பூசணம் உண்டாக்கும் நஞ்சே அப்பகை. விளைச்சல் மிகுந்திருந்தும், பருப்பு பெருத்திருந்தும், இந்நஞ்சு உள்ளதென்று பரீட்சையில் ஏற்பட்டால் சரக்கு துறைமுகத்திலிருந்தே திருப்பப்படும். அதனினும் பெரிய கேடு, பரீட்சையின்றியே அது வீட்டு உணவிலும் மாட்டுத் தொட்டியிலும் சேர்வதாகும்.

இந்நஞ்சை மிகச் சிறிய அளவிலும் கண்டறியும் பொருட்டு, மின்சாரத்தையும் உயிர்ப்பொருள்களையும் இணைத்து விஞ்ஞானிகள் அமைத்துவரும் நுண்கருவிகளைப் பற்றியும், அவற்றால் குடியானவர் பெறத்தக்க பயன் எவ்வளவு, பெறமுடியாதது எவ்வளவு என்பதைப் பற்றியும் ஈண்டு விவரிக்கப்படுகிறது.

நஞ்சின் வரலாறு

1960-ம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்தில் 1,00,000-க்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் விளங்காமல் மடிந்தன. நோயின் பெயர் தெரியாமையால் அதனை 'எக்ஸ் நோய்' என்றே அழைத்தனர். ஆராய்ந்து பார்த்ததில், தீவனத்தில் கலந்திருந்த பிரேஸில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணமென்று தெரிந்தது. அப்பிண்ணாக்கில் 'ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்னும் மஞ்சட்பச்சைப் பூசணம் விளைத்த நஞ்சு இருந்தது. பூசணத்தின் பெயரிலிருந்தே அந்நஞ்சுக்கு 'அஃப்ளாடாக்ஸின்' என்ற பெயர் உண்டாயிற்று. புற ஊதா ஒளியில் நீலமாய் ஒளிர்வனவற்றுக்கு 'பி' என்றும், பசுமையாய் ஒளிர்வனவற்றுக்கு 'ஜி' என்றும் குறியிட்டனர். இவற்றுள் 'பி1' என்பதே மிகக் கொடியது. ஈரலைத் தாக்கிப் புற்றுநோயை உண்டாக்குவது இதுவே.

இது அயல்நாட்டு வான்கோழிகளோடு நின்ற விஷயமன்று. 1974-ம் ஆண்டில் இராஜஸ்தான், குஜராத் எல்லையிலுள்ள சிற்றூர்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களுள் 100 பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தனர். 2004-ம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டிலும் மக்காச்சோளத்தாலேயே 317 பேர் நோயுற்று 125 பேர் மாண்டனர். நஞ்சுள்ள பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலில் 'எம்1' என்னும் மாற்றுருவில் இந்நஞ்சு வெளிப்படுகிறது. ஆகையால் தொட்டியில் இட்ட பிழை, குழந்தையின் பாற்கிண்ணத்தில் வந்து சேரும். வேகவைத்தலாலும் வறுத்தலாலும் இது முழுதும் அழிவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அளவின் நுட்பம்

இந்திய உணவுச் சட்டப்படி, மேற்கொண்டு பக்குவப்படுத்துவதற்கான கடலைப் பருப்பில் ஒரு கிலோகிராமுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இந்நஞ்சு இருத்தலாகாது. ஐரோப்பிய நாடுகள், நேரே உண்பதற்கான கடலையில் எல்லா வகையும் சேர்ந்து 4 மைக்ரோகிராமும், 'பி1' மட்டில் 2 மைக்ரோகிராமுமே அனுமதிக்கின்றன. பாலில் 'எம்1' நஞ்சுக்கு இந்தியாவில் 0.5 மைக்ரோகிராமும், ஐரோப்பாவில் 0.05 மைக்ரோகிராமும் வரம்பாகும்.

ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்றால், 100 டன் பருப்பில் ஒன்றரை கிராம் நஞ்சு என்று பொருள். பத்து லாரிகளில் ஏற்றத்தக்க சரக்கில் ஒரு சிட்டிகையைத் தேடுவது எளிய காரியமன்று. நாவினாலும் மூக்கினாலும் இதனை அறிதல் இயலாது. பூசணம் கண்ணுக்குத் தெரியும் பருப்பில் நஞ்சு இல்லாதிருத்தலும், தெளிவாய்த் தோன்றும் பருப்பில் நஞ்சு இருத்தலும் உண்டு.

இதுகாறும் வழங்கும் பரீட்சைகள்

பெரிய சோதனைச் சாலைகளில், திரவத்தை மிகுந்த அழுத்தத்தில் குழாயினுள் செலுத்திக் கலவையைப் பிரித்தளக்கும் இயந்திரங்கள் உள்ளன. அவை பிழையின்றி அளப்பவை. ஆனால் விலை மிக்கவை, பயின்றவர் கைக்கே வசப்படுபவை. சரக்கை அனுப்பிவிட்டு முடிவு வரும்வரை குடியானவர் காத்திருத்தல் வேண்டும்.

மற்றொரு முறை, உடம்பு நோயை எதிர்க்க உண்டாக்கும் 'எதிர்ப்பொருள்' என்பதைப் பயன்படுத்துவது. ஒரு பூட்டுக்கு ஒரு திறவுகோல் என்பதுபோல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய பொருளையே பற்றும். பற்றியதை அறிவதற்கு அதன்மேல் ஓர் அடையாளம் கட்டவேண்டும். அமெரிக்க நாட்டு ரோஸலின் யாலோவும் ஸாலமன் பெர்ஸனும் 1950-க்குப் பின் வந்த பத்தாண்டுகளில் கதிர்வீசும் அயோடினை அடையாளமாகக் கட்டினர். இதற்காக யாலோ அம்மையார் 1977-ல் நோபெல் பரிசு பெற்றார். 1971-ல் சுவீடன் நாட்டு ஈவா எங்வால் அம்மையாரும் பீட்டர் பெர்ல்மனும், கதிர்ப்பொருளுக்குப் பதிலாக நிறம் தரும் நொதியைக் கட்டினர். 'எலைஸா' என வழங்கும் பரீட்சை அதுவே. ஹைதராபாத்தை அடுத்த பட்டஞ்சேருவிலுள்ள சர்வதேச வறண்ட வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிலையமான 'இக்ரிஸாட்' இம்முறையில் அஃப்ளாடாக்ஸினை அளக்கும் எளிய பரீட்சையை அமைத்துள்ளது. சாற்றில் தோய்த்தவுடன் கோடு காட்டும் காகிதப் பட்டைகளும் வழக்கத்தில் உள்ளன. அப்பட்டையில் தோன்றும் செந்நிறக் கோடு நுண்ணிய பொற்றுகள்களின் நிறமே என்பது பலர் அறியாத செய்தி.

மந்தையில் தன் மாட்டை அறியக் கழுத்தில் மணி கட்டுவதைப் போன்றவை இம்முறைகள். மணி கட்டுவதற்குக் கூலியும் காலமும் செல்லும். மணியே கட்டாமல், மாடு கொட்டிலுக்குள் புகுந்ததைக் கதவின் அசைவைக் கொண்டே அறிதல் கூடுமா? கூடும் என்பதே 'அடையாளமின்றி அறியும்' புதிய கருவிகளின் கோட்பாடு.

உயிர்ப்பொருளும் மின்வாயும்

நீரிழிவு நோயுள்ளவர் விரல்நுனி இரத்தத்தை ஒரு சிறு பட்டையில் தொட்டுச் சர்க்கரை அளவைப் பார்ப்பது இன்று கிராமங்களிலும் காணும் காட்சி. அப்பட்டை ஓர் 'உயிருணரி'. அமெரிக்க விஞ்ஞானி லீலண்ட் கிளார்க் 1956-ல் இரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் மின்வாயை வெளியிட்டார். 1962-ல், அம்மின்வாயின்மேல் சர்க்கரையைச் சிதைக்கும் நொதியைப் பொருத்தினால் சர்க்கரையையே அளக்கலாம் என்று காட்டினார். மின்சாரத்தால் அளக்கும் உயிருணரிகள் யாவும் அவ்விதையிலிருந்து முளைத்தவையே.

நிலக்கடலை நஞ்சை அளக்கும் மின்வாயும் அத்தகைய ஒரு சிறு பட்டையே. அதில் மூன்று மின்வாய்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றன்மேல் எதிர்ப்பொருளை நாட்டுவர். எஞ்சிய வெற்றிடங்களில் வேறு பொருள் ஒட்டாதவாறு ஒரு புரதத்தைப் பூசி மூடுவர். பின்னர், மின்னணுக்களை எளிதில் கொடுத்து வாங்கும் இரும்பு உப்புக்கரைசலை ஊற்றி, மிகச் சிறிய மாறுமின்னழுத்தத்தைச் செலுத்துவர். கரைசலுக்கும் மின்வாய்க்கும் இடையே மின்னணுக்கள் போய்வரும்போது ஏற்படும் தடையைக் கருவி அளந்து காட்டும்.

இதன் தத்துவம் பாசனம் அறிந்த குடியானவருக்கு எளிதில் விளங்கும். மடைவாயில் செத்தை அடைத்துக்கொண்டால் வாய்க்காலில் நீர் குறையும். மடையருகே சென்று பாராமலே, கடைமடை வயலில் நிற்பவர், நீரின் குறைவைக் கொண்டு அடைப்பின் அளவை மதிப்பிடுவார். அவ்வாறே, எதிர்ப்பொருளில் நஞ்சு வந்து பற்றுந்தோறும் மின்வாயின் முகம் அடைபட்டுத் தடை ஏறுகிறது. தெரிந்த அளவு நஞ்சு கலந்த கரைசல்களை முதலில் அளந்து கோடு வரைந்து வைத்துக்கொண்டால், தெரியாத சாற்றின் தடையை அக்கோட்டோடு ஒப்பிட்டு நஞ்சின் அளவைக் கூறலாம். மணியும் வேண்டாம், நிறமும் வேண்டாம்.

நுண்ணமைப்பின் பயன்

தட்டையான மின்வாயில் நாட்டக்கூடிய எதிர்ப்பொருள் சிறிதே. ஆகவே அதன் முகத்தை மிக நுண்ணிய துகள்களாலும் இழைகளாலும் விரித்தமைக்கின்றனர். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உயரமும் உள்ள பொற்கட்டியின் ஆறு முகங்களும் சேர்ந்து 6 சதுர சென்டிமீட்டரே ஆகும். அக்கட்டியையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள சிறு கட்டிகளாக நறுக்கினால், அவற்றின் முகங்கள் யாவும் சேர்ந்து 600 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 15 சென்ட் நிலம் ஆகும். பொன்னின் எடை கூடவில்லை, முகமே பெருகியது. மண்ணைப் புழுதிபட உழுதால் வேர் பற்றும் இடம் பெருகுவதும் இவ்வாறே.

பொன்னைக் குடிநீரைப்போல் செந்நிறக் கரைசலாகச் செய்யும் எளிய முறையை ஜான் டர்கெவிச்சும் அவருடன் உழைத்தோரும் 1951-ல் ஆராய்ந்து விளக்கினர். ஜப்பானிய விஞ்ஞானி ஸுமியோ ஈஜிமா 1991-ல் கரிக்குழல் நுண்ணிழைகளை விவரித்தார். ஒரே அணுவின் கனமுள்ள 'கிராஃபீன்' என்னும் கரித்தகட்டை 2004-ல் மான்செஸ்டர் நகரத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் பிரித்தெடுத்து, 2010-ல் நோபெல் பரிசு பெற்றனர். இவையனைத்தும் மின்சாரத்தை நன்கு கடத்துபவை, பரப்பு மிக்கவை. பொன்னோடு கந்தகம் உறுதியாய்ப் பிணையுமாதலின், கந்தக நுனியுள்ள மூலக்கூறுகளைக் கொண்டு எதிர்ப்பொருளைப் பொன்மேல் நாற்றங்கால்போல் வரிசையாக நடுவதும் இயலும்.

ஆயினும் ஓர் இடையூறு உண்டு. எதிர்ப்பொருளின் மூலக்கூறு எடை சுமார் 1,50,000. அஃப்ளாடாக்ஸின் பி1-ன் எடையோ 312 மட்டுமே. யானைமேல் பூனை ஏறினால் யானை அசைவதில்லை. இதற்குப் பரிகாரமாக, 1990-ம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட 'ஆப்டமர்' என்னும் குறுகிய மரபிழைகளைச் சிலர் பயன்படுத்துகின்றனர். தனக்குரிய நஞ்சைப் பற்றியவுடன் இவ்விழை தொட்டாற்சுருங்கியைப்போல் மடங்கித் தன் உருவை மாற்றிக்கொள்ளும். அம்மாற்றத்தால் மின்தடையும் மாறுமாதலின், சிறு நஞ்சும் பெரிய அறிகுறியைத் தரும்.

கருவியின் குறைகள்

இக்கருவிகள் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிச் சாலைகளிலேயே உள்ளன. தூய கரைசலில் அவை மிகச் சிறிய அளவையும் காட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் கடலைச் சாறு தூய கரைசலன்று. அதில் எண்ணெயும் புரதமும் நிறமும் கலந்துள்ளன. அவை மின்வாயில் ஒட்டினால், நஞ்சே இல்லாத சரக்கிலும் தடை ஏறி, உள்ளதுபோல் காட்டும். செத்தை அடைத்ததா, சேறு அடைத்ததா என்பதை நீரின் குறைவு மட்டும் தெரிவிப்பதில்லையன்றோ! அடையாளம் கட்டும் முறையில் இத்தகைய ஐயம் குறைவு. கட்டாத முறையில் மிகுதி. சிக்கனத்திற்குக் கொடுக்கும் விலை இது. மேலும், எதிர்ப்பொருள் வெயிலில் கெடும். ஒரு பட்டைக்கும் மறு பட்டைக்கும் சிறு வேறுபாடு இருக்கும். சுற்றுப்புற வெப்பம் மாறினால் அளவும் மாறும். ஆகையால், பருப்பை அரைத்து மெதனால் கலந்த நீரில் சாறெடுத்து, வடிகட்டி, தக்கபடி நீர்த்து, நஞ்சில்லாத சாற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவு கூறல் தகும்.

மாதிரி எடுப்பதே உயிர்நாடி

மேற்கூறிய குறைகள் யாவும் நீங்கிக் குற்றமற்ற கருவி கைக்கு வந்தாலும், மாதிரி எடுப்பதில் பிழை நேர்ந்தால் அதன் சொல் பயன்படாது. நஞ்சு சரக்கு முழுவதும் ஒரே அளவாகப் பரவியிருப்பதில்லை. ஒரு தனிப் பருப்பிலேயே கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற விகிதத்துக்கு மேல் நஞ்சு காணப்பட்டதுண்டு.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அரை கிராம் எடையுள்ள அத்தகைய பருப்பு ஒன்றில் 500 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கும். அது 30 கிலோ பருப்பில் கலந்தால், சராசரி கிலோவுக்கு ஏறக்குறைய 17 மைக்ரோகிராம் ஆகிச் சட்ட வரம்பைத் தாண்டிவிடும். 30 கிலோவில் ஏறத்தாழ 60,000 பருப்புகள் உள்ளன. அவற்றுள் 59,999 நல்லவை, ஒன்றே கெட்டது. மூட்டையின் வாயிலிருந்து 100 கிராம், அதாவது 200 பருப்பை அள்ளிப் பரீட்சித்தால், அக்கெட்ட பருப்பு கையில் அகப்படுவது 300 தடவைக்கு ஒரு தடவையே. மற்ற 299 தடவையும் 'நஞ்சு இல்லை' என்றே கருவி காட்டும். அகப்பட்ட அந்த ஒரு தடவையிலோ கிலோவுக்கு 5,000 மைக்ரோகிராம் என்று காட்டும். இரண்டு விடையும் கைப்பிடிக்கு மெய், மூட்டைக்குப் பொய். ஒரே சரக்கை ஓரிடத்தில் ஏற்றலும் மற்றோரிடத்தில் தள்ளலும் நேர்ந்து, விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் ஐயுறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இதனாலேயே, சர்வதேச உணவு விதிகளில் நிலக்கடலைச் சரக்கிற்கு 20 கிலோ மாதிரி எடுக்கும்படி வகுத்துள்ளனர். மேல், நடு, அடி என மூட்டையின் பல பாகங்களிலிருந்தும், பல மூட்டைகளிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துத் திரட்டி, முழுவதையும் ஒன்றாக அரைத்து, நன்கு கலந்த பின்னரே சிறு பங்கைக் கருவிக்கு இடல் வேண்டும். மாதிரி எடுக்கும் வேளையில் கிராம அதிகாரிகள் உடனிருந்து, இம்முறை வழுவாமல் நடைபெறுகின்றதா எனப் பார்த்தல் குடியானவருக்குச் செய்யும் பேருதவியாகும்.

களத்திலும் கொட்டிலிலும் செய்யத்தக்கவை

கருவி நஞ்சைக் காட்டுமேயன்றி நீக்காது. நஞ்சு உண்டாகாமல் தடுப்பது குடியானவர் கையிலேயே உள்ளது. அதற்குரிய முறைகள் பின்வருமாறு:

1. காய் முற்றும் கடைசி 4 முதல் 6 வாரங்களில் பயிர் வறட்சியால் வாடினால் மண்ணுக்குள்ளேயே பூசணம் புகும். கிணறு உள்ளவர்கள் அப்பருவத்தில் ஒரு தண்ணீரேனும் பாய்ச்சுதல் நலம்.

2. வெள்ளைப்புழுவும் கரையானும் துளைத்த காய் பூசணத்திற்குத் திறந்த வாயில். ஆதலால் இவற்றை உரிய காலத்தில் அடக்கல் வேண்டும்.

3. பருவத்திற்கு முன்னும் பின்னும் பறித்தலாகாது. மண்வெட்டியும் கலப்பையும் பட்டு உடைந்த காய்களைத் தனியே ஒதுக்குக.

4. பறித்த செடிகளைக் காய் மேலிருக்குமாறு கவிழ்த்து உலர்த்துக. காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்கும்வரை காயவைத்து, பருப்பின் ஈரம் நூற்றுக்கு 7 பங்குக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்க.

5. கையால் உடைப்பது எளிதாகும் பொருட்டு காயில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் சிலவிடங்களில் உண்டு. உலர்த்திய உழைப்பு முழுவதையும் இவ்வொரு செயல் வீணாக்கிவிடும். எடை கூடுமென்று நனைப்பதும் அத்தகையதே.

6. சுருங்கியவை, நிறம் மாறியவை, உடைந்தவை ஆகிய பருப்புகளைப் பொறுக்கி நீக்குக. நஞ்சின் பெரும்பங்கு இவற்றிலேயே இருக்கும். இவ்வாறு நீக்கியவற்றை மாட்டுக்கோ கோழிக்கோ இடலாகாது, செக்குக்கும் அனுப்பலாகாது. செக்கில் ஆட்டிய பின் நஞ்சு பெரும்பாலும் பிண்ணாக்கில் தங்கும்.

7. மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் அடுக்குக. கூரை ஒழுகும் இடத்தில் ஒரு மூட்டையும் வைக்கற்க.

8. பூசணம் பிடித்த பிண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு இடுவதை உடனே நிறுத்துக. தீவனத்தை மாற்றிய சில நாட்களில் பால் தெளிவுபெறும்.

முடிவுரை

மின்வாயும் பொற்றுகளும் ஆப்டமரும் இன்று ஆராய்ச்சியாளரின் மேசைமேல் உள்ளன. சர்க்கரைப் பட்டையும் ஒருகாலத்தில் அவ்வாறே இருந்து, பின் வீடுதோறும் வந்தது. கடலை மூட்டைகளோடு விற்பனைக் கூடத்தின் வாயிலில் நிற்கும் குடியானவர், தம் சரக்கின் நன்மை தீமையைப் பிறர் வாய்ச்சொல்லால் அன்றித் தம் கண்ணெதிரே, சில நிமிஷங்களில் அறிந்துகொள்ளும் நாள் வரலாம். அந்நாள் வரும்போது அக்கருவி நல்விடை கூறவேண்டுமாயின், அதற்குரிய வேலை இன்றே களத்தில் தொடங்கவேண்டும். நன்றாய் உலர்ந்த காயும், நேர்மையாய் எடுத்த மாதிரியும் உள்ள இடத்திலேயே நுண்கருவியின் நுட்பம் பயன்படும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் பொன்னால் செய்த மின்வாயும் வெறும் பொற்பூச்சே. குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் இதனை உணர்ந்து, வரும் அறுவடையிலேயே மேற்கண்ட முறைகளைக் கைக்கொண்டு, தம் குடும்பத்தின் நலத்தையும் சரக்கின் மதிப்பையும் காத்துக்கொள்வார்களாக.